எந்திரிக்காத பெர்சியாள்

செந்தேரிவிளை ஆலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் வருகிறவர் பெர்சியாள் அம்மையார். கடைசியாகப் போகிறவரும் அவரே. காற்றடி காலத்தில் தேரி மேடுகளின் மணல் சன்னல் வழியாகப் புகுந்து பாய்களின்மேல் செக்கச்செவேலென்று படிந்துவிடும். பொழுது புலரும் முன்பே வந்து, ஈர்க்கு விளக்குமாற்றால் அந்த மணலைக் கூட்டி அள்ளுவது அவருடைய வேலை. குத்துவிளக்கைத் துலக்குவதும், குருவானவரின் வெள்ளை அங்கியை வெளுத்துக் கஞ்சி போடுவதும், திருமேசை விரிப்புகளைத் துவைப்பதும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. அந்த விரிப்புகளை அவர் கல்லில் அடித்ததே இல்லை. கிணற்றில் இறைத்த முதல் வாளித் தண்ணீரை அவற்றுக்கென்று ஒதுக்கி, முழங்காலிட்டு உட்கார்ந்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கசக்கிப் பிழிவார். வாயில் ஏதோ ஒரு ஜெபம் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

இத்தனை பக்தியுள்ளவரிடம் ஊர் ஒரு புதுமையைக் கண்டது. மாதம் ஒருமுறை நற்கருணை என்னும் திருவிருந்து வழங்கப்படும்போது சபை முழுவதும் எழுந்து பீடத்துக்கு முன்னால் தடுப்பாக உள்ள கிராதியண்டை போய் முழங்காலிடும். பெர்சியாள் அம்மையார் மட்டும் பின்வரிசையில் தூணோரமாகத் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பார். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? இருபது வருஷம். “மேசை வெளுக்கிறவளுக்கு மேசையில எடமில்ல” என்று பெண்கள் சிரித்தார்கள். எந்திரிக்காத பெர்சியா என்று ஊரில் அவருக்குப் பெயர் விழுந்தது. கிணற்றடியில் இன்னொரு பெர்சியாளும் இருந்தபடியால், அடையாளம் சொல்ல அந்தப் பெயர் வசதியாகவும் போயிற்று.

கேலியை அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது புகழ்ச்சியைத்தான். முன்பிருந்த வயோதிகக் குருவானவர் காரணம் கேட்டபோது, “எனக்கு இன்னும் தகுதி வரலய்யா” என்று அவர் சொல்லியிருந்தார். குருவானவரோ அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டு, ஒருநாள் பிரசங்கத்திலேயே, இந்தச் சகோதரியைப் போல நாமும் நம்மைத் தாழ்த்த வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்குப் போன அம்மையார் அடுப்பு மூட்டவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார்.

அவர் மனத்தில் கிடந்தது இதுதான்.

அவருடைய கணவர் சுவாமியடியான் பனையேறி. கணவரின் தம்பி பனையிலிருந்து விழுந்து இறந்தபோது, தம்பி மனைவி லேயாள் மூன்று வயதுப் பெண்குழந்தையோடு இவர்கள் வீட்டில் வந்து ஒண்டினாள். பெர்சியாள் அம்மையாருக்குப் பிள்ளை இல்லை. சுவாமியடியானோ காலையில் இறக்கிய பதநீரை முதலில் அந்தக் குழந்தைக்குத்தான் ஊற்றினார். சாயங்காலம் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். பார்க்கிறவர்களுக்கு அது தகப்பனில்லாப் பிள்ளைமேல் பெரியப்பன் வைத்த பாசம். அம்மையாருக்கு அது நெஞ்சில் வைத்த நெருப்பு. குழந்தையின் சிரிப்புச் சத்தம் கேட்டாலே பாத்திரத்தை ணங்கென்று வைப்பார்.

அந்தச் சமயத்தில், கருப்பட்டி வாங்க வரும் ஒரு வியாபாரியையும் லேயாளையும் சேர்த்து யாரோ ஏதோ பேசினார்கள். பேச்சு சபைக் கமிட்டி வரைக்கும் போயிற்று. அதை விசாரித்தவர் உபதேசியார் ஏனோக்கு. குருவானவர் பல ஊர்களுக்கும் பொதுவானவர் என்பதால், செந்தேரிவிளையில் அன்றாடம் சபையை நடத்தியவர் இவர்தான். கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர். அவர் லேயாளிடம் அதிகம் கேட்கவில்லை. பெர்சியாள் அம்மையாரைக் கூப்பிட்டு, ஒரே வீட்டில் இருக்கிறவள் நீ, அந்த ஆளோடு இவளைக் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார்.

அவர் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை. ஆனாலும் அவர் வாயிலிருந்து, “பாத்தேன்” என்று ஒரு சொல் வந்துவிட்டது.

லேயாள் ஒருமுறை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு ஆலயப் படியில் நின்று, அவள் சபைக்குப் புறம்பாக்கப்பட்டாள் என்று உபதேசியார் வாசித்தார். அன்றைக்கே அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரைவிட்டு நடந்தாள். எங்கே போனாள் என்று சுவாமியடியான் சந்தை சந்தையாக விசாரித்தார், தகவல் கிடைக்கவில்லை. எட்டு வருஷம் கழித்துக் காய்ச்சலில் கிடந்து சாகும்போதும், “அந்தப் புள்ள என்ன ஆச்சோ” என்றுதான் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்ட அம்மையாருக்கு, அப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கணவரைப் பொய்யோடே அடக்கம் செய்தார்.

ஞாயிறுதோறும் சபையார் எல்லாரும் ஒன்றாகப் பாவ அறிக்கை சொல்லுவார்கள். அவரும் சொல்லுவார். ஆனால் அத்தனை குரல்களுக்கு நடுவில் சொல்லும்போது, தன் பாவம் சந்தைக்கூட்டத்தில் திருடன் நழுவுவதுபோல் நழுவிப் போய்விடுவதாக அவருக்குத் தோன்றும். அதனால்தான் பந்திக்குப் போகத் துணியவில்லை. பந்தியைவிட்டு விலகிப்போகவும் மனம் வரவில்லை. உட்கார முடியாத அந்த மேசையின் துணியையாவது துவைப்போம் என்று அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இருபதாம் வருஷம் மதுரநாயகம் என்ற குருவானவர் மாற்றலாகி வந்தார். நாற்பது வயது இருக்கும், மெல்லிய குரல். எதையும் விட்டுவிடாமல் வாசிக்கிற பழக்கம் அவருக்கு. லெந்து என்னும் தவக்கால நாட்களின் நடுவில் ஒரு ஞாயிறு, ஈஸ்டர் நற்கருணைக்குச் சபையை ஆயத்தப்படுத்த ஜெபப் புத்தகத்தில் இருக்கும் நீண்ட அறிவிப்பை முழுக்க வாசித்தார். முன்னிருந்தவர்கள் நேரமாகிறது என்று தாண்டிவிடுகிற பகுதி அது. தன்னளவில் மனச்சாட்சியை அமைதிப்படுத்திக்கொள்ள முடியாதவர் எவராவது இருந்தால், குருவானவரிடம் தனியாக வந்து துக்கத்தைத் திறந்து சொல்லி, பாவமன்னிப்பின் வார்த்தையையும் ஆலோசனையையும் பெற்றுக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். தூணோரத்தில் இருந்த அம்மையார் சட்டென்று நிமிர்ந்தார். தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது அவருக்கு.

மறுநாள் அங்கி வாங்கப் போகிற சாக்கில் குருமனைக்குப் போய், வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, நேத்து வாசிச்சீயளே... அது எங்களப்போல உள்ளவங்களுக்கும் உண்டுமா? ஆர்.சி. கோயில்லதான் அப்படிச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்.”

“நம்ம புத்தகத்துலயும் இருக்கும்மா,” என்றார் குருவானவர். “வரணும்னு யாருக்கும் கட்டாயம் இல்ல. வரக்கூடாதுன்னு யாரையும் தடுக்கவும் இல்ல. தனியாச் சொமக்க முடியாதவங்களுக்காக அந்த வழியத் தொறந்து வச்சிருக்கு.”

ஆர்.சி. கோயிலில் உள்ளதுபோல் மறைப்புக் கூண்டு எதுவும் கிடையாது என்றும், கிராதிக்கு உள்ளே ஒரு நாற்காலியில் தான் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்திருப்பதாகவும், அம்மையார் வெளியே முழங்காலிட்டு ஆண்டவரிடம் சொன்னால் போதும், தான் சாட்சியாகக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் அவர் விளக்கினார். கேட்டது தன்னோடு மண்ணுக்குள் போகும் என்றும் சொன்னார்.

புதன்கிழமை காலை ஜெபம் முடிந்து எல்லாரும் போனபின் அம்மையார் போனார். வெள்ளங்கி தரித்து, கழுத்தில் ஊதாப் பட்டை அணிந்து குருவானவர் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாகத் துடைத்து வந்த கிராதியில் அன்றைக்குத்தான் அவர் முழங்காலிட்டார். அண்டை வீட்டுக்காரியைத் திட்டியது, ஒரு வெள்ளிக்கிழமை உபவாசத்தை மீறியது, ஜெபத்தில் தூங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பெரியதன் பக்கத்தில் போகிறபோதெல்லாம் நாக்கு வேறொரு சின்னப் பாவத்துக்குத் தாவியது. கடைசியில் சொல்வதற்குச் சின்னதும் தீர்ந்துபோயிற்று.

இன்னும் ஏதாவது உண்டா என்று குருவானவர் மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையசைத்தார் அம்மையார். குருவானவர் எழுந்தார். பாவவிமோசனம் சொல்வதற்காக அவருடைய வலது கை உயர்ந்தது. அந்தக் கையின் நிழல் தன்மேல் விழக் கண்ட அம்மையாருக்கு உடம்பெல்லாம் கூசிற்று. கடவுளையே ஏமாற்றிப் பறித்துக்கொண்டு போகப் பார்க்கிறோமே என்று நெஞ்சு பதறிற்று.

“கைய எறக்கிருங்கய்யா,” என்றார். “நான் இன்னும் சொல்லல.”

குருவானவர் கையை இறக்கி மறுபடியும் உட்கார்ந்தார். ஓட்டில் அணில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அம்மையார் கிராதியில் நெற்றியை முட்டிக்கொண்டு சொன்னார்: “எங்க லேயாள நான் பாக்கல. பாத்தேன்னு சொன்னேன்.”

ஒன்று வந்ததும் எல்லாம் வந்தது. குழந்தைமேல் பட்ட பொறாமை, கணவருடைய சாவு, பிரசங்கத்தில் கிடைத்த புகழ்ச்சி எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவருக்குக் குரலே இல்லை. குருவானவரின் முகத்தைப் பார்க்க வெட்கி, தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஆண்டவர் மன்னிப்ப வெலைக்குக் கொடுக்கிறதில்லம்மா,” என்றார் குருவானவர். “ஆனா திருடின மாட்டக் கொட்டில்ல கட்டி வச்சிக்கிட்டே அழுதா, அது என்ன அழுகை? லேயாளோட பேரு இன்னும் உங்க கையில இருக்கு. அத அவகிட்டத் திருப்பிக் குடுப்பீங்களா?”

ஊருக்கு முன்னால் நிற்க வேண்டுமே என்று நினைத்ததும் அம்மையாருக்குக் கண் இருட்டியது. ஆனாலும், “குடுக்கேன்யா” என்றார்.

குருவானவர் எழுந்து, அந்த நரைத்த தலைமேல் கையை வைத்து, கிறிஸ்து தம்முடைய சபைக்குக் கொடுத்த அதிகாரத்தைச் சொல்லி, எல்லாப் பாவங்களிலிருந்தும் அவரை விடுவித்தார். தனக்காகவும் ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார். தானும் பாவிதான் என்றார். வெளியே வந்த அம்மையாருக்கு ஆனந்தம் ஒன்றும் பொங்கவில்லை. வெட்கம் அப்படியே இருந்தது. பயம் மட்டும் போயிருந்தது.

அவர் ஆலயத்தில் குருவானவருக்கு முன்னால் தனியாக முழங்காலிட்டிருந்ததைப் பார்த்தவர்கள் உபதேசியாரிடம் போய்ச் சொன்னார்கள். எந்திரிக்காத பெர்சியா இப்போது ஆர்.சி. ஆகப் போகிறாள் என்று கிணற்றடியில் புதுச் சிரிப்பு எழுந்தது. ஏனோக்கு குருமனைக்கே போய், இதென்ன நமக்கில்லாத வழக்கம், அவள் என்ன சொன்னாள் என்று அதட்டினார். குருவானவர் ஜெபப் புத்தகத்தை எடுத்து அந்த இடத்தை விரித்துக் காட்டினார். இரண்டாவது கேள்விக்கு, “நான் அங்க காதா இருந்தேன், உபதேசியாரே. வாயா இல்ல” என்றார்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்து அறிவிப்புகள் சொல்லும் நேரத்தில், தூணோரத்திலிருந்து பெர்சியாள் அம்மையார் எழுந்து நின்றார். சபை திரும்பிப் பார்த்தது.

“இருபது வருசத்துக்கு முந்தி லேயாளப் பத்தி இந்த எடத்துல ஒரு வார்த்த சொன்னேன்,” என்றார். “அது பொய். நான் ஒண்ணும் பாக்கல. அவ மேல ஒரு குத்தமும் இல்ல. பொறாமையில சொன்னேன். அவ பேர நான்தான் கெடுத்தேன்.”

முன்வரிசையில் ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏனோக்கின் முகம் கறுத்தது. வயதாகிப் புத்தி பேதலித்துவிட்டது என்றார். கமிட்டி தீர்த்தது தீர்த்ததுதான் என்றார். பிறகு, பொய்ச்சாட்சி சொன்ன கை பீடத்துத் துணியைத் தொடக்கூடாது என்று சொல்லி ஆலயச் சாவியைக் கேட்டார். குருவானவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மையார் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து உபதேசியாரின் கையில் வைத்து, “சரிதான்யா” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வழியில் இருந்த பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் முன்வரிசைக் கிழவி வேலியோரம் வந்து ரகசியமாக ஒரு செய்தி சொன்னாள். கடலோரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்குச் சமைக்கிற இடத்தில் லேயாளைத் தான் பார்த்ததாகவும், ஊருக்குப் பயந்து இத்தனை நாளும் சொல்லவில்லை என்றும் சொல்லி அழுதாள்.

மறுநாளே அம்மையார் பஸ் ஏறிப் போனார். ஆஸ்பத்திரிச் சமையல்கட்டின் பின்புறம் ஒரு பெண் சுளகில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது, ஆனால் அந்தப் பார்வையை அம்மையாரால் மறக்க முடியுமா? லேயாள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. வெயிலில் நின்றபடியே அம்மையார் தான் வந்த காரியத்தைச் சொன்னார்.

“நீ பாக்கலன்னு எனக்குத் தெரியும்,” என்றாள் லேயாள். “ஆண்டவருக்கும் தெரியும். தெரியாதது ஊருக்குத்தான்.”

“ஊருக்குச் சொல்லிட்டேன். சபையில நின்னு சொல்லிட்டேன்.”

லேயாளின் கை அரிசிமேல் அப்படியே நின்றது. வார்டிலிருந்த தன் மகளைக் கூப்பிட்டு அனுப்பினாள். வெள்ளை உடுப்போடு ஒரு நர்ஸ் வந்தாள். அன்று சுவாமியடியானின் தோளில் ஏறிப்போன குழந்தை கிருபை.

“இவ சின்ன வயசுல யாரோ சொன்னதக் கேட்டுட்டு வந்து, ‘அம்மா, அது நெசமா?’ன்னு என்கிட்டக் கேட்டா,” என்றாள் லேயாள். “இல்லன்னு சொன்னேன். நம்பினாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. அங்க சொன்னத இப்ப இவகிட்டச் சொல்லு.”

சபைக்கு முன்னால் நின்றபோதுகூட அம்மையாருக்கு அவ்வளவு வெட்கம் வரவில்லை. அந்த இளம்பெண்ணின் முகத்துக்கு நேராக, உன் தாயின்மேல் பொய் சொன்னவள் நான்தான் என்று சொல்லும்போது, பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. சொன்னார். கிருபை தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். லேயாள் அதுவரைக்கும் அழவில்லை. மகளின் தலையைத் தடவியபோதுதான் கண் நிறைந்தது.

“மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு இன்னும் வாய் வரலக்கா,” என்றாள்.

“வராட்டியும் சரி,” என்றார் அம்மையார். “நான் கேக்க வரல.”

அவர் திரும்பப் போனபோது, நிற்கச் சொல்லி ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள் லேயாள். தலை நிமிராமல் குடித்துவிட்டு அம்மையார் ஊர் வந்து சேர்ந்தார்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, மத்தியான வெயிலில் உபதேசியார் ஏனோக்கு அம்மையாரின் குடிசைக்கு முன்னால் வந்து நின்றார். எதற்கு வந்தாரோ என்று அம்மையார் பதறிப்போனார். ஏனோக்கு தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். லேயாளை விசாரித்த நாளில், சபையில் ஒழுங்கு நடக்கிறது என்று மேலிடத்துக்கு எழுத வேண்டியிருந்தது. அதனால் விசாரணை சீக்கிரம் முடிய வேண்டும் என்றிருந்தது தனக்கு என்றார்.

“நீ பாத்தேன்னு சொல்லுவன்னு எனக்குத் தெரியும், பெர்சியா. சொன்னப்போ உன் முகத்தப் பாத்தேன். நீ பாக்கலன்னும் எனக்குத் தெரிஞ்சிது.”

அந்த மனிதர் நிற்கிற நிலை அவருக்கு நன்றாகத் தெரிந்த நிலை. கடைசியில் ஏனோக்கு தரையைப் பார்த்துக்கொண்டே, குருவானவர் எத்தனை மணி வரைக்கும் கோயிலில் இருப்பார் என்று கேட்டார். விளக்கு வைக்கும் வரைக்கும் இருப்பார் என்றார் அம்மையார்.

“போனா மொதல்ல என்ன சொல்லணும்?”

“சின்னதச் சொல்லி ஆரம்பிக்காதீய,” என்றார் அம்மையார். “பெரிசச் சொல்லிருங்க.”

ஈஸ்டர் விடியற்காலையில் ஆலயம் நிரம்பி வழிந்தது. பாடல் முடிந்து, பந்திக்கு அழைப்பு விடுத்து, வரிசை வரிசையாகச் சபையார் போனார்கள். ஏனோக்கு சிவந்த கண்களோடு போய் வந்தார். அம்மையார் தூணோரத்தில்தான் இருந்தார். இருபது வருஷத்துப் பழக்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் வேறு. கடைசி வரிசையும் போய் வந்து உட்கார்ந்தது. குருவானவர் அப்பத் தட்டை மேசைமேல் வைக்காமல், கிராதியண்டையிலேயே நின்றார். யாரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. சும்மா நின்றார்.

அம்மையார் எழுந்தார். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த நீண்ட வழியைத் தனியாக நடந்து போய், கிராதியின் ஓரத்தில் முழங்காலிட்டு, வெளுத்து வெளுத்துத் தேய்ந்த உள்ளங்கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏந்தினார். குருவானவர் அப்பத்தை வைத்துச் சொன்ன வாக்கியத்தை அவர் நூற்றுக்கணக்கான தடவை தூரத்திலிருந்து கேட்டிருக்கிறார். அதில் வரும் ‘உனக்காக’ என்ற சொல் மற்றவர்களுக்குச் சொல்லப்படுகிறது என்றே இருந்தார். இப்போது அது அவர் கைமேல் வந்து இறங்கியது. ஆண்டவர் தன்னைப் பார்த்துவிட்டார், பார்த்தும் தள்ளவில்லை. தூக்கிவிட ஆள் வரும் வரைக்கும் அம்மையார் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை என்று அன்று அங்கிருந்தவர்கள் சொல்லுவார்கள்.

பின்பு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். லேயாள் குற்றமற்றவள் என்று அதே ஆலயப் படியில் நின்று ஏனோக்கே வாசித்தார். லேயாள் ஊருக்குக் குடிவரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அடுத்த வருஷம் மாசி மாதத்தில் கிருபை வந்து, “வாய் வந்துட்டுன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். எந்திரிக்காத பெர்சியா என்ற பெயரை ஊர் விடவில்லை. அம்மையாரும் அதை மாற்றச் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். திருநாட்களுக்கு முந்தின சனிக்கிழமைகளில் குருவானவர் நாற்காலி போட்டு உட்காருவதும், இரண்டு மூன்று பேராவது தலை குனிந்து உள்ளே போய் வருவதும் அந்தச் சபையில் வழக்கமாயிற்று. போகிறவர்களை யாரும் என்னவென்று கேட்பதில்லை.

குற்றமில்லாமல் வாழ்ந்த பெரியோர் பலரை உலகம் போற்றுகிறது. தன் குற்றத்தைத் தன் வாயாலேயே சொல்லி, இன்னொருத்தியின் பெயரை மண்ணிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்த இந்த ஏழை அம்மையாரையும் நாம் வணக்கத்தோடு நினைத்துக்கொள்வோம்.